தி ஃபர்ம்: ஒரே ஆல்பத்தோடு முடிந்த நாஸின் குழு. எங்கே சறுக்கியது?

பழையவட்டு எழுதியது:

நியூயார்க் ராப்பர் நாஸ் பற்றிய இழைகள் இங்கே நிறைய இருக்கின்றன. அவருடைய முதல் ஆல்பம் ‘இல்மாட்டிக்’ பற்றி மட்டும் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருக்கிறோம். ஆனால் அவர் உச்சத்தில் இருந்தபோது முன்நின்று சேர்த்த ‘தி ஃபர்ம்’ ராப் குழுவுக்கு ஒரு இழைகூடக் கண்ணில் படவில்லை. ‘அது ஊத்திக்கிச்சு’ என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1994 ஏப்ரலில் ‘இல்மாட்டிக்’ வந்தது. தி சோர்ஸ் என்ற ராப் பத்திரிகை தன் உச்ச மதிப்பீடான ஐந்து மைக் கொடுத்துக் கொண்டாடியது. விற்பனை மட்டும் அந்தப் பெயருக்கு ஈடாக இல்லை. பிறகு ஸ்டீவ் ஸ்டவுட் மேனேஜராக வந்தார், ட்ராக்மாஸ்டர்ஸ் இரட்டையர் இசைக்கு வந்தார்கள். 1996 ஜூலையில் வெளியான ‘இட் வாஸ் ரிட்டன்’ பில்போர்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. லாரின் ஹில்லோடு பாடிய ‘இஃப் ஐ ரூல்ட் த வேர்ல்ட்’ ஊரெல்லாம் ஒலித்தது. அதே ஆல்பத்தில்தான் ‘அஃபர்மேட்டிவ் ஆக்‌ஷன்’ இருக்கிறது. நாஸ், ஏஸீ, கோர்மெகா, ஃபாக்ஸி பிரவுன், நான்கு பேருக்கும் ஆளுக்கொரு வெர்ஸ், அதாவது ராப் பகுதி. தி ஃபர்ம் பிறந்தது அந்தப் பாட்டில்.

அடுத்த வருடம் அக்டோபரில் லாஸ் ஏஞ்சல்ஸ் ப்ரொட்யூசர் டாக்டர் ட்ரேயின் ஆஃப்டர்மாத் லேபிளில் ‘தி ஆல்பம்’ என்றே பெயர் வைத்து ஆல்பம் வந்தபோது கோர்மெகா அதில் இல்லை. அவர் இடத்தில் நேச்சர். வந்ததும் முதலிடம். அதன்பிறகு சத்தமே இல்லை. இரண்டாவது ஆல்பம் வரவேயில்லை.

என் கட்சி இது. இந்தக் குழு ஆல்பத்துக்குப் பிறகு கலையவில்லை, கோர்மெகா வெளியேறிய அன்றே கலைந்துவிட்டது. ‘இல்மாட்டிக்’கில் ‘ஒன் லவ்’ கேட்டவர்களுக்குத் தெரியும். சிறையில் இருக்கும் நண்பனுக்குக் கடிதம் எழுதுவதுபோல் அமைந்த பாட்டு. அதில் கோர்மெகாவைப் பார்த்தாயா, இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் இருக்கிறீர்களா என்று நாஸ் விசாரிப்பார். அப்போது கோர்மெகா உண்மையிலேயே உள்ளே இருந்தார். வெளியே வந்தபின் அதே நண்பனோடு பாடியதுதான் ‘அஃபர்மேட்டிவ் ஆக்‌ஷன்’. கடிதத்தில் பெயராக மட்டும் இருந்தவன் ஆளாக வந்து நிற்கிறான்! கேட்கும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கும். அப்படிப்பட்ட ஒருவனை எடுத்துவிட்டு இன்னொருவரை நிரப்பினால் போதும் என்று நினைத்ததுதான் தப்பு.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

—

வடசென்னைவாசி எழுதியது:

தலைவா, இழை ஆரம்பிச்சதுக்கு முதல்ல நன்றி. ஆனா இதுல எனக்கு உங்களோட ஒத்துப்போகல.

கோர்மெகா இருந்திருந்தாலும் ஆல்பம் இப்படித்தான் வந்திருக்கும். கோளாறு ஆள்ல இல்ல, பீட்ல, அதாவது பின்னணி இசையில. ஒரு பக்கம் ட்ரேவும் அவர் டீமும், இன்னொரு பக்கம் ட்ராக்மாஸ்டர்ஸ். ரெண்டு பேரும் பெரிய கைகாரங்க, சந்தேகமே இல்ல. ஆனா ரெண்டு பேரும் ஒரே படத்துக்கு இசையமைக்கல. ட்ரே பக்கம் ‘ஃபோன் டாப்’ மாதிரி இருட்டா, இடம் விட்டு, மெதுவா நகர்ற பாட்டு. அந்தப் பக்கம் ‘ஃபர்ம் பிஸ்’. டீனா மேரியோட 1981 ஹிட் ‘ஸ்கொயர் பிஸ்’ஸ எடுத்து வெச்சு, என் வோக் குழுவுல இருந்த டான் ராபின்சனைப் பாட வெச்சு, நேரா ரேடியோவுக்கு அடிச்ச பாட்டு. தனித்தனியா கேட்டா ரெண்டும் ஓகே. ஒரே வட்டுல அடுத்தடுத்து கேட்டா பிரியாணி இலையில பாயசம் ஊத்துன மாதிரி இருக்கு.

1997ஐயும் மறந்துடாதீங்க. அந்த வருஷம் பஃப் டாடி ‘நோ வே அவுட்’ போட்டு, பழைய ஹிட்டுகளை சாம்பிள் பண்ணியே, அதாவது அதுல இருந்து துண்டு எடுத்துப் போட்டே, ரேடியோவைக் கையில எடுத்துட்டார். எல்லா லேபிளும் அதே மாதிரி ஒண்ணு வேணும்னு நின்னாங்க. அதே சமயம் மாஃபியா கதை பாடுறது பழசாகிட்டு வருது. ரேக்வான் 1995ல ‘ஒன்லி பில்ட் ஃபார் கியூபன் லிங்க்ஸ்’ போட்டப்போ அது புதுசு. ரெண்டு வருஷம் கழிச்சு நாஸ் தன்னை எஸ்கோபார்னு கூப்பிட்டுக்கிட்டு வந்தப்போ, ஆளாளுக்கு ஒரு டான் பெயர் வெச்சிருந்தாங்க.

ட்ரேவுக்கும் நெருக்கடிதான். 1996ல தன் பழைய லேபிள் டெத் ரோவை விட்டு வெளிய வந்தார். அந்த வருஷ நவம்பர்ல ஆஃப்டர்மாத் பேருல ஒரு தொகுப்பு ஆல்பம் போட்டார், எதிர்பார்த்த வரவேற்பு இல்ல. தன் லேபிளை நிலைநிறுத்த ஒரு பெரிய வெற்றி அவருக்குத் தேவை. அந்தப் பாரம் முழுக்க இந்த நாலு பேர் தலையில விழுந்துச்சு.

—

மதுரைமல்லி எழுதியது:

நான் நாஸோட ‘கிங்ஸ் டிசீஸ்’ ஆல்பம் வழியா அவர் பக்கம் வந்தவள். தி ஃபர்ம் பேர் மட்டும்தான் தெரியும். நியூயார்க் ஆட்கள் ஏன் லாஸ் ஏஞ்சல்ஸ்காரர் லேபிளுக்குப் போனாங்க? அப்போ கிழக்கு, மேற்கு ரெண்டு கரை ராப்பர்களுக்கும் சண்டைன்னு படிச்சிருக்கேனே.

—

பழையவட்டு எழுதியது:

நல்ல கேள்வி மல்லி. சண்டை உச்சத்தில் இருந்த நேரம்தான் அது. 1996 செப்டம்பரில் மேற்குக் கரையின் டூபாக் இறந்தார், 1997 மார்ச்சில் கிழக்குக் கரையின் பிக்கி. டூபாக் இறந்தபின் நவம்பரில் மக்காவெலி என்ற புனைபெயரில் வெளியான அவர் ஆல்பத்தில் நாஸையும் திட்டியிருக்கிறார், ட்ரேயையும் திட்டியிருக்கிறார்.

ஆனால் நாஸும் ட்ரேயும் அதற்கு முன்பே கைகோத்துவிட்டார்கள். ‘இட் வாஸ் ரிட்டன்’ ஆல்பத்தில் ‘நாஸ் இஸ் கமிங்’ பாட்டுக்கு இசை ட்ரே. வடசென்னைவாசி சொன்ன தொகுப்பில் ‘ஈஸ்ட் கோஸ்ட் வெஸ்ட் கோஸ்ட் கில்லாஸ்’ என்று ஒரு பாட்டு உண்டு. கேஆர்எஸ்-ஒன், பி-ரியல், ஆர்பிஎக்ஸ், நாஸ் நான்கு பேரும் சேர்ந்து பாடியது. ஒரு கரையின் பெயரைச் சொல்லிச் சண்டை மூட்டுகிறவர்களைக் கண்டிக்கிற பாட்டு.

ஆகவே 1997இல் நியூயார்க் ராப்பர்கள் ஒரு கலிஃபோர்னியா ப்ரொட்யூசரின் லேபிளில் ஆல்பம் போட்டதே துணிச்சலான காரியம். பாட்டுகளின் தரம் பற்றி ஆயிரம் சொல்லலாம், அந்தத் துணிச்சலுக்கு நான் எப்போதும் மரியாதை கொடுப்பேன்.

—

ஸ்காபரோதம்பி எழுதியது:

வணக்கம் அண்ணையாக்கள். எல்லாரும் நாஸ், ட்ரே, கோர்மெகா எண்டு கதைக்கிறியள். ஃபாக்ஸி பிரவுனைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கேல்ல. எனக்கு அதுதான் மனவருத்தம்.

‘அஃபர்மேட்டிவ் ஆக்‌ஷன்’ வெளிவரேக்க அவவுக்கு 17 வயசு. சொந்த ஆல்பம் ‘இல் நா நா’ அந்த வருசம் நவம்பரிலதான் வந்தது. அதாவது, தன்ர பேரில ஒரு ஆல்பம்கூட இல்லாத ஒரு பிள்ளை, மூண்டு ஆம்பிளையளுக்குப் பிறகு கடைசியா மைக்குக்கு வந்து பாட்டை முடிக்கிறா. அந்த இடம் லேசில ஒருத்தருக்கும் குடுக்கிற இடமில்லை.

அந்த வெர்ஸில ஒரு கணக்கு வரும். 32 கிராம் போதைப்பொருளைப் பாதியாக்கினா 16, அதை மூண்டு மடங்காக்கினா 48. அதுவரைக்கும் சரி. பிறகு லாபத்தை நாலாப் பிரிக்கச் சொல்லுறா, எட்டைக் கழிக்கச் சொல்லுறா, திரும்பவும் 16க்கு வந்திட்டம் எண்டு முடிக்கிறா. 48ஐ நாலாப் பிரிச்சா 12, எட்டைக் கழிச்சா நாலு. 16 வராது. இதை வைச்சு இண்டைக்கும் ஆக்கள் அவவை நக்கலடிக்கினம். எத்தினையோ பேர் பென்சிலோட இருந்து கணக்குப் பார்த்திருக்கினம்.

நான் அதை வேற மாதிரிக் கேக்கிறன். நாலு பேர் இருக்கிற குழுவில லாபத்தை நாலாப் பிரி எண்டு சொன்ன ஒரே ஆள் அவதான். மற்ற மூண்டு பேரும் தங்கட நகையையும் காரையும் பாட, இவ பங்கு பிரிக்கிறா. ‘ஃபர்ம்’ எண்டது ஒரு கூட்டு வியாபாரம் எண்டு அந்தப் பாட்டில உணர்த்தினது அவதான். விடை எத்தினை வந்தாலும் எனக்குப் பரவாயில்லை. அந்த எண்கள் ஒண்டுக்குப் பின்னால ஒண்டு வந்து விழுற தாளம் இருக்கே, அதுக்காகவே நான் திருப்பித் திருப்பிப் போடுவன்.

‘இல் நா நா’விலயும் ‘லெட்டர் டு த ஃபர்ம்’ எண்டு ஒரு பாட்டு இருக்குது. ஐசக் ஹேய்ஸின்ர மெட்டை அடியில வைச்சு, குழுவையே கலியாணம் கட்டின மாதிரிப் பாடியிருப்பா. ஃபர்ம் ஆல்பம் வர கிட்டத்தட்ட ஒரு வருசத்துக்கு முன்னமே அந்தக் குழுவுக்காக இவ்வளவு உருகிப் பாடினது இவ. அதையும் ஒருக்காக் கேளுங்கோ.

—

வடசென்னைவாசி எழுதியது:

தம்பி, ‘நாலா பிரி’ன்னு நீங்க சொன்னதை நான் இத்தனை வருஷத்துல யோசிச்சதே இல்ல. செம.

—

பின்னணி_இசை எழுதியது:

ஒலிப்பதிவுத் துறையில் இருப்பதால் எனக்கு இந்தக் கதை வேறு விதமாகத் தெரிகிறது. பீட்டும் ஆளும் இருக்கட்டும். காகிதத்தைப் பாருங்கள்.

நாஸ் கொலம்பியா லேபிளின் ஆள். ஃபாக்ஸி டெஃப் ஜாம் லேபிள். ஏஸீயின் முதல் ஆல்பம் ‘டோ ஆர் டை’ 1995இல் வந்தது இஎம்ஐயில். குழுவின் ஆல்பமோ ஆஃப்டர்மாத், அதாவது இன்டர்ஸ்கோப். இப்படி ஒரு குழு அமையும்போது ஒவ்வொரு லேபிளும் தன் பாடகரை இரவலாகத்தான் அனுப்பும். எத்தனை பாட்டில் வரலாம், வீடியோவில் நிற்கலாமா, சிங்கிள் எந்த மாதம் வரலாம், எல்லாவற்றுக்கும் அனுமதி வேண்டும். ஃபாக்ஸியின் அடுத்த ஆல்பத்துக்கு டெஃப் ஜாம் தேதி குறித்துவிட்டால் அவர் அங்கே ஓட வேண்டும். நாஸுக்கு கொலம்பியா கூப்பிட்டால் அவர் அங்கே. குழுவை மட்டும் நம்பி உட்கார்ந்திருப்பவர் யாருமில்லை. ஆல்பம் முதலிடம் பிடித்தாலும், அதைத் தள்ளிக்கொண்டு ஊர் ஊராகப் போக ஆள் இருக்காது.

1999 ஜனவரியில் வெளியான ஃபாக்ஸியின் ‘சைனா டால்’ முதலிடம். அதே வருடம் நாஸின் ‘ஐ ஆம்’ ஆல்பமும் முதலிடம். ட்ரேவோ 1998இல் எமினெமைச் சேர்த்துக்கொண்டு வேறு பாதையில் போய்விட்டார். தனித்தனியாக ஓடினால் இவ்வளவு கிடைக்கும் என்று தெரிந்தபின் திரும்பவும் நாலு லேபிளையும் ஒரே மேசையில் உட்கார வைக்க யாருக்கு மனம் வரும்?

கோர்மெகா விஷயமும் காகிதம்தான். ஸ்டவுட் நீட்டிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாததால்தான் தன்னை வெளியே வைத்தார்கள் என்று அவர் பல நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். சிறையிலிருந்து வந்த, கையில் காசில்லாத ஒருவர், பெரிய வாய்ப்பு கண்முன் இருந்தும் கையெழுத்துப் போடவில்லை என்றால் அந்த மனிதரின் நெஞ்சுரத்தை நினைத்துப் பாருங்கள்.

—

நெடுஞ்சாலை எழுதியது:

இந்த மாதிரி ஒரே ஆல்பத்தோட நின்ன இன்னொரு குழு ஞாபகத்துக்கு வருது. டூபாக்கோட ‘தக் லைஃப்’. இழைக்கு வெளியன்னு யாரும் நினைக்க வேண்டாம், ஒப்பிட்டுப் பார்த்தா விஷயம் புரியும்.

1993 வாக்குல டூபாக் சேர்த்த குழு. பிக் சைக், மக்கடோஷிஸ், ரேட்டட் ஆர், டூபாக்கோட மாற்றாந்தந்தை முட்டுலு ஷகூரின் மகன் மோப்ரீம். இவங்கள்ல யாரும் அன்னைக்குப் பெரிய பேர் இல்ல. வெளியில இருந்த தன் ஆட்களை உள்ள கூட்டிட்டு வர டூபாக் போட்ட பாலம் அது. 1994ல ‘வால்யூம் 1’ வந்துச்சு. மொத்தமே 10 பாட்டு. பதிவு பண்ணினது அதைவிட நிறைய. அந்தச் சமயம் ராப் வரிகள் மேல அரசியல் நெருக்கடி கடுமை. 1992லயே துணை அதிபர் டான் குவேல், டூபாக்கோட முதல் ஆல்பத்துக்கு நம்ம சமூகத்துல இடமே இல்லைன்னு வெளிப்படையா பேசினவர். அந்தச் சூழல்ல பல பாட்டு வெளிய வராமலே போச்சு.

மிச்சமிருக்கிற 10ல ‘ஹவ் லாங் வில் தே மோர்ன் மி’ மட்டும் போதும் எனக்கு. கொலையான கேட்டோங்கிற நண்பருக்காகப் பாடினது. இசை வாரன் ஜி, திரும்பத் திரும்ப வர்ற ஹூக் வரிகள் நேட் டாக். நான் போனா எத்தனை நாள் அழுவீங்கன்னு கேக்குற பாட்டு. ரெண்டு வருஷத்துல டூபாக்கே போயிட்டார். நேட் டாக் 2011ல. பிக் சைக் 2016 டிசம்பர்ல. இப்போ அந்தப் பாட்டைக் கேக்கவே கஷ்டமா இருக்கு.

1994 நவம்பர் 30, குவாட் ஸ்டுடியோவுல டூபாக் மேல துப்பாக்கிச்சூடு. அப்புறம் சிறை. உள்ள இருந்தபடியே வைப் பத்திரிகைக்குக் குடுத்த பேட்டியில, தன்னைப் பொறுத்தவரை தக் லைஃப் செத்துப்போச்சுன்னு அவரே சொல்லிட்டார். குழுவும் அதோட சரி. ஆனா சைக்கைக் கைவிடல. ‘ஆல் ஐஸ் ஆன் மி’ல ‘பிக்சர் மி ரோலின்’ கேளுங்க, சைக் இருப்பார்.

நான் சொல்ல வர்றது இதான். தக் லைஃப் உடைஞ்சது வெளியில இருந்து வந்த அடியில. தி ஃபர்ம் உடைஞ்சது உள்ளுக்குள்ள.

—

பழையவட்டு எழுதியது:

நெடுஞ்சாலை, மனதைத் தொட்ட பதிவு. ஆனால் ஒரு வேறுபாட்டை விட்டுவிட்டீர்கள். தக் லைஃபில் டூபாக்கைத் தவிர இழக்க யாருக்கும் தனிச் சந்தை இல்லை. தி ஃபர்மில் மூன்று பேருக்குத் தனிக்கடை இருந்தது. நட்பு ஒரு பக்கம், கடை ஒரு பக்கம்.

மல்லி, ‘ஃபோன் டாப்’ பற்றிச் சொல்லாமல் இந்த இழை முழுமையாகாது. ஹெட்ஃபோன் போட்டு, விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். ட்ரேவும் கிறிஸ் ‘த க்ளவ்’ டெய்லரும் சேர்ந்து செய்த பீட். டிரம்ஸ் ரொம்பக் குறைவு. மேலே கம்பியைச் சுண்டுகிற மெட்டு ஒன்று, சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். நாஸும் ஏஸீயும் நேச்சரும் தொலைபேசியில் பேசிக்கொள்கிறார்கள். குரல்களைத் தொலைபேசிக் கம்பி வழியாக வருவதுபோல மெலிதாக்கியிருப்பார்கள், அடித்தொண்டை அதிர்வெல்லாம் வடிகட்டிவிட்டார்கள். ஹூக்கில் ட்ரே வருவார். உங்கள் போனை ஒட்டுக்கேட்கிறோம், இன்றில்லாவிட்டால் நாளை கூட்டத்தோடு பிடிப்போம் என்று போலீஸ் தரப்பிலிருந்து பேசுகிற குரல் அவருடையது. பேசுகிறவர்களுக்குத் தங்களை யாரோ கேட்பது தெரியாது, நமக்குத் தெரியும். ஒரு சினிமா முழுக்க இழுத்துப் பிடிக்கும் பதற்றத்தை ஒரே பாட்டில் வைத்துவிட்டார்கள்.

மாஃபியா ராப்பில் இதைவிட நன்றாக யோசித்த பாட்டு ஒன்றை யாராவது காட்டட்டும். ஆல்பம் முழுவதும் இந்தத் தடத்தில் போயிருந்தால் நாம் வேறு மாதிரிப் பேசிக்கொண்டிருப்போம்.

—

மதுரைமல்லி எழுதியது:

இப்பதான் கேட்டேன். மூணு தடவை. அந்த ஹூக் வரும்போதெல்லாம் வயித்துல ஒரு மாதிரி பண்ணுது. ஃபாக்ஸி ஏன் இதுல இல்ல? குழுவோட சிறந்த பாட்டுல குழுவோட சிறந்த ஆள் இல்லைங்கிறது எனக்குக் கஷ்டமா இருக்கு.

—

இரவுரயில் எழுதியது:

நேச்சருக்காகப் பேச ஆள் இல்லாததால் நான் பேசுகிறேன்.

பழையவட்டு அண்ணா, ‘இன்னொருவரை நிரப்பினால்’ என்று எழுதினீர்கள். அந்த மனிதர் வெறும் நிரப்பி இல்லை. அவரும் நாஸைப் போல நியூயார்க்கின் குயின்ஸ்பிரிட்ஜ் ஆள். 96 கட்டடங்கள் கொண்ட அந்த அரசுக் குடியிருப்பிலிருந்துதான் மார்லி மார்ல், எம்சி ஷான், மாப் டீப், நாஸ், கோர்மெகா எல்லோரும் வந்தார்கள். அங்கே சும்மா யாரும் மைக்கைக் கொடுத்துவிட மாட்டார்கள்.

அவர் நிலைமையை நினைத்துப் பாருங்கள். கையில் ஒரு ஆல்பம்கூட இல்லை. ஒரு பக்கம் நாஸ், ஒரு பக்கம் ஏஸீ, பின்னால் ட்ரே. வாங்குகிறவர்கள் எல்லோரும் கோர்மெகா எங்கே என்றுதான் கேட்கிறார்கள். அந்த இடத்தில் நின்று, ‘ஃபோன் டாப்’பில் நாஸுக்கும் ஏஸீக்கும் சளைக்காமல் பாடியிருக்கிறார். ஆல்பம் நெடுக உழைத்திருக்கிறார். மற்றவர்கள் வந்து போகிறார்கள், இவர் தங்கி வேலை செய்கிறார் என்றுதான் எனக்குக் கேட்கும்போது தோன்றும்.

பலன்? அவருடைய தனி ஆல்பம் ‘ஃபார் ஆல் சீசன்ஸ்’ வர 2000 ஆகிவிட்டது. தி ஃபர்ம் சூட்டோடு வந்திருக்க வேண்டிய ஆல்பம். மூன்று வருடம் என்பது ராப்பில் ஒரு தலைமுறை. கோர்மெகாவுக்கு நடந்த அநியாயத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். ஆனால் கோர்மெகாவின் கோபத்தையும் ரசிகர்களின் ஏமாற்றத்தையும் சேர்த்துச் சுமந்தவர் நேச்சர். கோர்மெகா நாஸைத் திட்டிப் போட்ட பாட்டில் நேச்சரையும் விட்டுவைக்கவில்லை. பிறகு 2001இல் ‘ஸ்டில்மாட்டிக்’ ஆல்பத்தில் ‘டெஸ்ட்ராய் அண்ட் ரீபில்ட்’ பாட்டில் நாஸே கோர்மெகாவோடு சேர்த்து நேச்சரையும் போட்டுத் தாக்கினார். இரண்டு பக்கமும் அடி.

—

பின்னணி_இசை எழுதியது:

இரவுரயில் சொல்வதை ஏற்கிறேன். கோர்மெகாவின் பின்கதையையும் சொல்லிவிடுகிறேன், அது தனி வீரக்கதை.

தி ஃபர்மை விட்டபின் அவருக்கு டெஃப் ஜாம் ஒப்பந்தம் இருந்தது. ‘தி டெஸ்டமென்ட்’ என்று ஆல்பமும் தயாரானது. லேபிள் வெளியிடவே இல்லை. அப்படியே கிடப்பில் போட்டார்கள். அவர் ‘லீகல் ஹசில்’ என்று சொந்தமாக லேபிள் தொடங்கி, 2001இல் ‘தி ரியல்நெஸ்’ போட்டார். பெரிய கம்பெனி இல்லை, பெரிய பெயர் கொண்ட ப்ரொட்யூசர் கூட்டம் இல்லை. எளிமையான பீட், அடங்கிய குரல், ஒவ்வொரு வரியிலும் வலி. இன்றும் நியூயார்க் ராப்பின் சிறந்த ஆல்பங்களில் ஒன்றாக அதை வைப்பேன். கிடப்பில் போன ‘தி டெஸ்டமென்ட்’டையும் 2005இல் தானே வெளியிட்டார்.

1996இல் கையெழுத்துப் போட்டிருந்தால் நமக்கு ‘தி ரியல்நெஸ்’ கிடைத்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

—

வடசென்னைவாசி எழுதியது:

ஏஸீயையும் ஒரு வார்த்தை சொல்லிடலாம். ‘இல்மாட்டிக்’ல ராப் பண்ண வெளியாள் அவர் ஒருத்தர்தான். அந்த ஒரே வெர்ஸ்ல வாழ்நாளுக்கும் பேர் வாங்கிட்டார். தி ஃபர்ம்ல அவர் சொதப்புன ஒரு இடம்கூட என்னால காட்ட முடியாது. 2002ல நாஸோட பாடின ‘தி எசென்ஸ்’ கிராமி பரிந்துரை வரைக்கும் போச்சு. ஆனா விற்பனைன்னு வந்தா மனுஷன் எப்பவும் நாஸ் நிழல்லயே நின்னுட்டார். இன்னைக்கும் அவருக்கு உரிய இடம் கிடைக்கலங்கிறது என் ஆதங்கம்.

—

மதுரைமல்லி எழுதியது:

நான் ‘கிங்ஸ் டிசீஸ்’ வழியா வந்தவள்னு சொன்னேன்ல. அதுல ‘ஃபுல் சர்க்கிள்’ பாட்டு என்னோட ரொம்பப் பிடிச்ச பாட்டு. நாஸ், ஏஸீ, கோர்மெகா, ஃபாக்ஸி. இதுதான் தி ஃபர்ம்னு தெரியாமலே அத்தனை நாள் கேட்டுட்டு இருந்திருக்கேன். இப்போ உங்க பதிவெல்லாம் படிச்சுட்டு மறுபடி போட்டேன். வேற பாட்டு மாதிரி இருக்கு.

—

பழையவட்டு எழுதியது:

ஆமாம் மல்லி, 2020 ஆகஸ்ட். இசை ஹிட்-பாய். ‘அஃபர்மேட்டிவ் ஆக்‌ஷன்’ வந்து 24 வருடம் கழித்து அதே நான்கு பேர். கடைசியில் ட்ரேயின் குரல்கூட வரும். இந்த முறை போதைப்பொருள் கணக்கு இல்லை, டான் வேஷம் இல்லை. பெண்களோடு தாங்கள் நடந்துகொண்ட விதத்தைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

கோர்மெகாவும் நாஸும் ஒரே பாட்டில் நிற்கிறார்கள் என்று தெரிந்த அன்று நான் கண் கலங்கியதை மறைக்க மாட்டேன். அந்த ஆல்பத்துக்குத்தான் நாஸுக்கு முதல் கிராமி கிடைத்தது, 2021இல். ‘இல்மாட்டிக்’குக்குக் கிடைக்காதது.

—

ஸ்காபரோதம்பி எழுதியது:

அதில ஃபாக்ஸி வாற இடம். 2005இல அவவுக்குச் செவிப்புலன் போட்டுது. பாடுறவைக்கு அதைவிடக் கொடுமை என்ன இருக்கு? சத்திர சிகிச்சை செய்துதான் திரும்பக் கேக்கத் தொடங்கினா. அதுக்குப் பிறகும் எத்தினையோ பிரச்சினை, கனகாலம் ஆளையே காணேல்ல. 2020இல அந்தக் குரல் வந்தவுடன நான் வண்டியை ஓரமா நிப்பாட்டிட்டன். அதே கரகரப்பு, அதே திமிர்.

—

இரவுரயில் எழுதியது:

எனக்கும் ‘ஃபுல் சர்க்கிள்’ பிடிக்கும். ஆனால் அதில் நேச்சர் இல்லை. தி ஃபர்ம் பெயரில் வந்த ஒரே ஆல்பத்தைத் தூக்கிச் சுமந்தவருக்கு, தி ஃபர்ம் மறுபடி கூடுகிறது என்று கொண்டாடிய பாட்டில் நாலு வரிகூட இல்லை. ஆல்பத்தில் இல்லாத கோர்மெகா இருக்கிறார், ஆல்பத்தில் இருந்த நேச்சர் இல்லை. பழைய காயத்தை ஆற்றியது நல்லதுதான். அதற்காக இன்னொருவரைக் கதையிலிருந்தே எடுத்துவிடலாமா?

—

பழையவட்டு எழுதியது:

இரவுரயில், உங்கள் வாதம் புரிகிறது, ஆனால் நான் உடன்படவில்லை. ‘ஃபுல் சர்க்கிள்’ திரும்பிப் போவது 1997 ஆல்பத்துக்கு இல்லை, 1996 பாட்டுக்கு. அந்த நான்கு பேரிடம் பாக்கி இருந்தது. நேச்சருக்கு நாஸ் தனியாக ஒரு பாட்டுக் கொடுக்கட்டும், முதல் ஆளாக வாங்கிக் கேட்பேன். இந்தப் பாட்டில் ஐந்தாவது வெர்ஸ் வந்திருந்தால் எனக்கு அந்தச் சிலிர்ப்பு வந்திருக்காது.

—

இரவுரயில் எழுதியது:

உங்கள் சிலிர்ப்புக்காக ஒருவர் வெளியே நிற்க வேண்டுமா அண்ணா? 1997இல் கோர்மெகாவை வெளியே நிறுத்தியதைத்தானே தப்பு என்று இந்த இழையையே தொடங்கினீர்கள்.

—

ஸ்காபரோதம்பி எழுதியது:

ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கோ. 2000ஆம் ஆண்டு வந்த ‘கியூபிஸ் ஃபைனஸ்ட்’ தொகுப்பை எடுங்கோ. அதில ‘டா பிரிட்ஜ் 2001’ எண்டு ஒரு பாட்டு. எம்சி ஷான், மார்லி மார்ல், மாப் டீப், கப்போன், ட்ரஜடி கடாஃபி எண்டு குயின்ஸ்பிரிட்ஜ் முழுக்க வந்து நிக்கும். நாஸும் இருக்கிறார், கோர்மெகாவும் இருக்கிறார், நேச்சரும் இருக்கிறார். மூண்டு பேருக்கையும் மனக்கசப்பு இருந்த காலத்தில மூண்டு பேரும் ஒரே பாட்டில. நேச்சரின்ர வெர்ஸை வடிவாக் கேட்டிட்டு வாங்கோ. ‘ஃபுல் சர்க்கிள்’ல இடம் குடுத்திருக்கலாமோ எண்டு அதுக்குப் பிறகு கதைப்பம்.